முதல் வெடி

ஸ்பிரிங்வேல்
9 பெப்ரவரி 2025

அன்புள்ள சயந்தினிக்கு,

நான் சுகம். நீரும் சுகமாகத்தான் இருப்பீர்; நீர் தங்கியிருக்கிற யோகா அன்ரி வீட்டுச் சாப்பாட்டில் ஒருவர் சுகமில்லாமல் இருக்க வழியில்லை. தொலைபேசியில் கதைக்கத் தொடங்கினால் சண்டையில்தான் முடிகிறது, இனிக் கடிதம் எழுதுவோம் என்று நீர்தான் சொன்னீர். சரி, எழுதுகிறேன். கடிதத்தில் நீர் குறுக்கே பாய முடியாது, அது எனக்கு வசதி.

இந்த வெக்கைக்கு ஸ்பிரிங்வேலில் பாதிக் கடைகளின் குளிரறை படுத்துவிட்டது. மீன்கடைக்காரர் ஒருவர் என் வான் வண்டியைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் குளிரறை திருத்திக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பிரிட்ஜுக்குள் முந்தாநாள் சோறு. ஒன்பது மாதப் பயிற்சிக்கு நீர் சிட்னி ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்துக்குப் போனது நல்ல விசயம். நான் ஒருபோதும் போக வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் குசினிக்கு அது விளங்குதில்லை.

சனிக்கிழமை எங்கள் கூட்டாளி பாலாவோடு சுடுகிற ரேஞ்சுக்குப் போனேன். யூன் நீண்ட வாரஇறுதிக்கு இந்த முறையும் மலைக்கு வேட்டைக்குப் போகிறோம். நீர், நான், பாலா, ஸ்ரீகாந்த். விதியும் அதே விதிதான். போவதற்கு முதல் சனிக்கிழமை, துவக்கைப் பெட்டியால் எடுத்த கையோடு, குழல் ஆறியிருக்க, ஆளுக்கு ஒரேயொரு வெடி. முந்நூறு மீற்றர். நடுவுக்குக் கிட்ட வைத்தவருக்கு மலையில் முதல் வெடி. மரை இரண்டாவது வெடிக்கு நின்று தராது, முதல் வெடிதான் வேட்டைக்காரன் என்று பாலா வழமைபோல் பிரசங்கம் வைத்தான். இதுவரை எல்லா வருடமும் அந்த முதல் வெடி என்னுடையது, போன வருடத்தைத் தவிர. போன வருடம் நீர் வென்றபோது காற்று எப்படி உமக்கு வாய்ப்பாக விழுந்தது என்று உமக்கே தெரியும். குறை சொல்லவில்லை, நினைவுபடுத்துகிறேன்.

உம்முடைய துவக்கைக் கேட்டிருந்தீர். அது பலகாரப் பார்சல் இல்லை, தபாலில் போட. அங்கே லைசென்ஸ் அலுவல் முடியட்டும், ஈஸ்டருக்குக் காரில் வரும்போது கொண்டு வருகிறேன். அதுவரை இரும்புப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும்.

உடம்பைப் பாரும்.

அன்புடன்,
சுகிர்தன்

பி.கு: கடைசியாகக் கதைத்தபோது பின்னால் ஓர் ஆம்பிளை சிரித்த சத்தம் கேட்டது. யோகா அன்ரி தனி ஆள் என்றுதான் நினைத்திருந்தேன்.


மேய்ஸ் ஹில்
23 பெப்ரவரி 2025

அன்புள்ள சுகி,

உங்கள் கடிதம் கிடைத்தது. சிரித்தது தொலைக்காட்சி. நான் நல்ல சுகம், உங்கள் தோள்மூட்டு நோ எப்படி? இரவில் ஒத்தடம் கொடுக்கிறீங்களா, அல்லது நான் இல்லையென்று சும்மா விட்டாச்சா?

ஆய்வுகூடத்தில் வேலை நெருக்குகிறது, ஆனால் பிடித்திருக்கிறது. அன்ரி வீட்டின் பின்னறையில் ஒரு கட்டில், ஒரு கதிரை, ஜன்னல். முருகன் கோயில் நடக்கிற தூரம். நான் துவக்குச் சுடுகிறேன் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு அன்ரி இரவுச் சாப்பாட்டைப் பாதியில் நிற்பாட்டினா. "வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். நீ என்னடாவெண்டால் காசு குடுத்துப் போய்ச் சுடுறாய். கேக்கிற ஆக்கள் என்ன நினைப்பினம்?" என்றா. வருடத்துக்கு ஒரு மரை, நாலு வீட்டுக்கு இறைச்சி, வேறொன்றுமில்லை என்று சொன்னேன். சோற்றைத் திரும்பப் பிசைந்துகொண்டே, "மரை இறைச்சியெண்டால் எனக்கும் ஒரு பங்கு எடுத்து வை" என்றா.

இங்கே ஒரு கிளப்பில் சேர்ந்திருக்கிறேன். ரேஞ்ச் கடலுக்குப் பக்கத்தில், காற்று சும்மா இருக்காது. அங்கே யுகன் என்று ஒரு மலேசியத் தமிழர், ஈப்போக்காரர். என் துவக்கு வரும்வரை தன்னுடைய இரண்டாவது துவக்கை ரேஞ்சில் தருகிறார். முதல் நாள் நான் கொடியைப் பார்த்துக் காற்றைக் கணித்து, வைத்த வெடியெல்லாம் வலப்பக்கம் போனது. யுகன் சொன்னார், "கொடிய மட்டும் பாக்காதீங்க. கொடி இங்க இருக்கு, குண்டு அங்கல்ல போகுது. கானலப் பாருங்க." தொலைநோக்கிக்குள்ளால் பார்த்தால் குறிக்கு முன்னால் கானல் வாய்க்கால் தண்ணி மாதிரி ஓடுகிறது. அது ஓடுகிற பக்கமும் வேகமும்தான் காற்று. யுகன் சொல்லச் சொல்லச் சுட்டேன். பின்னேரம் யுகன் சொல்லாமலே சுட்டேன். ஐந்நூறு மீற்றர் இரும்புத் தட்டு "டங்" என்றது.

போன வருடமும் எனக்கு விழுந்தது காற்று இல்லை, சுகி. நான் பார்த்துத்தான் வைத்தேன்.

துவக்கை மறக்க வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடுங்கோ.

உங்கள்,
சயந்தினி


ஸ்பிரிங்வேல்
2 மார்ச் 2025

அன்புள்ள சயந்தினிக்கு,

தோள் பரவாயில்லை. உம்முடைய சுகத்தைப் பற்றிக் கேட்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன், கடிதத்திலேயே தெரிகிறது.

யுகன், யுகன், யுகன் என்று ஒரு பந்தி முழுக்க. என்னுடைய பெயர் கடிதத்தின் தலையில் ஒருமுறை, பிறகு போன வருடக் கதைக்கு ஒருமுறை. இந்த ஈப்போக்காரருக்கு என்ன வேலை, எத்தனை வயது, கலியாணமானவரா? ஒருவர் தன்னுடைய துவக்கை இன்னொருவர் மனைவிக்குத் தூக்கித் தருகிறார் என்றால் நானும் அறிந்து வைத்திருப்பது நல்லது. நான் ஒரு நாளும் பாலாவின் மனைவிக்குத் துவக்குக் கொடுத்ததில்லை. அவ கேட்கவும் இல்லை, அது வேறு.

கானலை நான் உமக்குச் சொல்லித் தரவில்லையா? சொன்னேன். அன்றைக்கு உமக்குக் குளிர் என்று காருக்குள் போய் இருந்தீர். இப்போது வேறு வாயால் கேட்டதும் பெரிய வித்தையாகப் போய்விட்டது.

நாங்களும் இங்கே சும்மா இல்லை. நேற்று முந்நூறில் வைத்த ஐந்து வெடியும் ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் வாய்க்குள் அடங்கின. பாலா படம் எடுத்தான். உமக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஐந்நூறு, அறுநூறு எல்லாம் இரும்புத் தட்டுக்குச் சரி. மலையில் உயிருள்ள மிருகத்துக்குப் பயின்ற தூரத்துக்கு மேல் வெடி வைக்கிறவன் வேட்டைக்காரன் இல்லை. இதை உம்முடைய யுகனுக்கும் சொல்லும்.

சுகிர்தன்


மேய்ஸ் ஹில்
30 மார்ச் 2025

அன்புள்ள சுகி,

பதில் பிந்திவிட்டது. எனக்குத் தடிமன் பிடித்து அன்ரி கொத்தமல்லிக் குடிநீரில் குளிப்பாட்டாத குறை. இப்போது சுகம். நீங்கள் எப்படி?

பாலா படம் அனுப்பினான். நல்லாக விழுந்திருக்கிறது. படத்தை ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்தேன்.

ஒரு விசயம் சொல்ல வேண்டும். ஒக்டோபரில் பயிற்சி முடிந்த பிறகு இங்கேயே நிரந்தரமாக இருக்க விருப்பமா என்று மேலதிகாரி கேட்டா. ஓகஸ்ட் முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நீங்களும் யோசியுங்கோ.

போன கிழமை ரேஞ்சால் வரும்போது ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போனோம். அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது யுகனுக்கு, நானும் கோயிலைப் பார்த்து எத்தனை காலம். துவக்கைக் காரில் தனியே விட்டுவிட்டுப் போக முடியாது என்று உங்களுக்குத் தெரியும்தானே. "நீங்க போய்ட்டு வாங்க, நான் இருக்கேன்" என்று யுகன் காருக்குள் இருந்தார். நான் ஆறுதலாகக் கும்பிட்டேன். உங்கள் பெயரிலும் ஒரு அர்ச்சனை செய்தேன். வெளியே வந்து, பிறகு நான் காவல் இருக்க அவர் போய்க் கும்பிட்டு வந்தார். கன்ரீனில் வடை வாங்கிச் சாப்பிட்டோம்.

உங்கள்,
சயந்தினி


ஸ்பிரிங்வேல்
3 ஏப்ரல் 2025

சயந்தினிக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, மன்னியும்.

நீர் கோயிலுக்குள் போக, துவக்குக்குக் காவலாகக் காருக்குள் இருப்பது ஆருடைய வேலை? கலியாணம் கட்டின நாளிலிருந்து ரேஞ்சால் வந்து கோயில் வாசலில் நிற்பாட்டினால் நான்தான் இருந்திருக்கிறேன். வெக்கையில் இருந்திருக்கிறேன். திருவிழாவன்று ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில், சாமி வெளியே வந்து திரும்பிப் போகும்வரை இருந்திருக்கிறேன். நீர் கைக்குள் பொத்திக் கொண்டு வந்து தருகிற விபூதியைக் காருக்குள் இருந்தே பூசியிருக்கிறேன். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அது என்னுடைய இடம். அந்தக் கதிரையில் இன்னொருவனை இருத்திவிட்டு, எனக்கு அர்ச்சனை செய்தேன் என்று எழுதுகிறீர்.

அவனுக்கும் விபூதி கொண்டு வந்து கொடுத்தீரா என்று கேட்க மாட்டேன்.

கலியாணமானவனா என்று கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை. நிரந்தர வேலைக் கதை மட்டும் நடுவில் வந்து போகிறது, தடிமனுக்கும் வடைக்கும் இடையில்.

பெரிய வெள்ளி காலையில் வருகிறேன். துவக்கும் வரும்.

சுகிர்தன்


மேய்ஸ் ஹில்
27 ஏப்ரல் 2025

அன்புள்ள சுகி,

நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததை பாலா சொல்லித்தான் அறிந்தேன். திங்கள்வரை நிற்க வந்தவர் சனி பின்னேரமே காரை எடுத்துக்கொண்டு போனால், அன்ரிக்கு நான் என்ன சொல்வது? "மனுசனுக்கு அவசர வேலையோ பிள்ளை" என்று கேட்டா. ஓம் என்றேன். தோள் இப்போது எப்படி என்றும் கேட்டா. அந்தத் தோள்நோவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

ரேஞ்சில் யுகனின் மனைவி உங்களுக்குப் பாணும் சொசேஜும் கொண்டு வந்து தந்தா. பிள்ளைகள் இரண்டும் உங்கள் காலைச் சுற்றி ஓடின. யுகன் கலியாணமானவர் என்று கண்டதும் உங்கள் முகத்தில் ஒரு நிம்மதி வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை, சுகி. ஏமாந்துபோன முகம்தான் வந்தது. பிறகு யுகன் "அண்ணே, ஐந்நூறுல ஒன்னு வச்சுப் பாருங்க" என்று துவக்கை நீட்டினார். உங்களுக்குத் தோள் நோகத் தொடங்கியது. நான் அதே துவக்கை வாங்கிப் பாயில் படுத்து ஐந்து வெடி வைத்தேன். ஐந்தும் தட்டில் பட்டது. நீங்கள் கழிப்பறைக்குப் போகிறேன் என்று போனவர் காருக்குள் இருந்தீர்கள்.

நேற்று முதல்முறையாக என் துவக்கால் இங்கே சுட்டேன். பாலாவின் படத்தில் உங்கள் முழங்கைக்குக் கீழே கிடந்தது என்னுடைய துவக்கின் சிவப்பு வார். அதை அப்போதே கண்டேன், நீங்களாகச் சொல்வீர்கள் என்று விட்டுவிட்டேன். தொலைநோக்கி மூன்று சொடுக்கு இடப்பக்கம் திருகியிருந்தது. கன்னம் வைக்கிற இடத்தில் ரப்பர் ஒட்டிக் கழற்றின பசை. என் துவக்கை உங்கள் கண்ணுக்கும் உங்கள் கன்னத்துக்கும் சரிபார்த்துச் சுட்டுவிட்டு, அப்படியே பூட்டிக் கொண்டு வந்து தந்திருக்கிறீர்கள். எத்தனை சனிக்கிழமை? நான் கேட்டபோதெல்லாம் லைசென்ஸ், ஈஸ்டர் என்று சாட்டுச் சொன்னது இதற்காகத்தானா? இதைச் சரிபார்க்காமல் நான் ஒரு மிருகத்துக்கு வெடி வைத்திருந்தால்?

உங்களுக்கு யுகனில் பொறாமை இல்லை. என்னில்தான். மனைவியில் சந்தேகம் என்றால் ஆக்கள் விளங்கிக்கொள்வார்கள், மனைவி தன்னைவிட நன்றாகச் சுடுகிறாள் என்று எரிகிறான் என்றால் சிரிப்பார்கள். அதுதான் யுகனைப் பிடித்துக்கொண்டீர்கள்.

எழுதாமல் விடப் பார்த்தேன், முடியவில்லை.

சயந்தினி


ஸ்பிரிங்வேல்
11 மே 2025

அன்புள்ள சயந்தினிக்கு,

சுகமாக இருக்கிறீரா? நான் இருக்கிறேன்.

உம்முடைய கடிதத்தைக் கிழிக்க எடுத்து, கிழிக்காமல் மைக்ரோவேவுக்கு மேல் வைத்திருக்கிறேன். தேத்தண்ணி சூடாக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

ஓம், உம்முடைய துவக்கால் சுட்டேன். நீர் போன இரண்டாம் கிழமையிலிருந்து. போன வருடம் வென்றது துவக்கா, நீரா என்று பார்க்க ஆசை. துவக்குத்தான் என்றால் நானும் அப்படி ஒன்று வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்பேன். அந்தக் கோப்பை ஒரு நாள்தான் விழுந்தது. மற்ற நாளெல்லாம் சாப்பாட்டுத் தட்டு அளவு, அதை ஒருவருக்கும் எழுதவில்லை. திருகினதைத் திருப்பி வைக்க மறந்தது பிழை, அது வேட்டைக்காரன் செய்யிற வேலை இல்லை.

மற்றது, நீர் எழுதின பொறாமைக் கதை. அப்படி ஒன்றுமில்லை. ஒருத்தி நன்றாகச் சுட்டால் எனக்கென்ன நட்டம்? உம்மைத் துவக்குப் பிடிக்க ரேஞ்சுக்குக் கூட்டிப் போனவனே நான்தான். மே முப்பத்தொன்றாம் திகதி வாரும். என்னுடைய துவக்கு, என்னுடைய கண், ஒரு வெடி. காற்று, கானல் எல்லாம் எல்லாருக்கும் ஒன்றுதானே. பிறகு கதைப்போம், ஆருக்கு ஆரில் என்னவென்று.

குளிர் தொடங்கிவிட்டது. தடித்த ஜக்கெற் கொண்டு வாரும், உம்முடையதை இங்கே அந்துப்பூச்சி தின்றுவிட்டது.

சுகிர்தன்


ஸ்பிரிங்வேல்
22 யூன் 2025

சயந்தினிக்கு,

நீர் சிட்னிக்குத் திரும்பிப் போய் ஒரு வரியும் இல்லை. சுகமாகப் போய்ச் சேர்ந்தீரா? கால் சுளுக்கு மாறிவிட்டதா?

இங்கே பாலா வேட்டைக் கதையை ஸ்பிரிங்வேல் முழுக்கச் சொல்லித் திரிகிறான். மரக்கறிக் கடையிலும் சொல்லியிருக்கிறான். அவன் சொல்கிற கதையில், நான் முந்நூறில் எல்லாரையும் வென்று முதல் வெடியை எடுத்தேன், மலையில் மரையை விழுத்தினேன், "சயந்தினி கடைசியிலை கொஞ்சம் உதவி செய்தவ". நான் கண்டது வேறு. நீரும் கண்டதுதான், ஆனால் வீட்டுக்கு வந்த வழி முழுக்க வானொலிதான் கதைத்தது. அதனால் எழுதுகிறேன்.

விடியப்புறம் பள்ளத்துக்கு அந்தப்பக்கம் அந்த மரை நின்றது. தூரமானி முந்நூற்று எண்பது காட்டியது. நான் பயின்றது முந்நூறுவரை. "இறங்கிக் கிட்டப் போவம், அவசரமில்லை" என்று பாலா காதுக்குள் சொன்னான். நீர் எனக்குப் பின்னால் படுத்திருந்தீர். உமக்கு ஐந்நூறு கைவந்தது என்று எனக்குத் தெரியும், உமக்கு முன்னால் கிட்டப் போக வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வைத்தேன். வயிற்றில் பட்டது. அது முதுகை வளைத்துக்கொண்டு பற்றைக்குள் இறங்கியதை நால்வரும் பார்த்தோம். மத்தியானம் ஸ்ரீகாந்த் களைத்து இருந்துவிட்டான், பிறகு பாலா, பிறகு நான். நீர் இருக்கவில்லை, தடம் பிடித்து நடந்தீர். ஆற்றங்கரையில் உம்முடைய ஒரு வெடி கேட்டபோது எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? நிம்மதி இல்லை. இவள்தானா முடித்தாள் என்ற எரிச்சல். இதை எழுதக் கை கூசுகிறது.

அதோடு விட்டிருப்பேன். நேற்று பாலாவின் கராஜில் இறைச்சி பங்கு போடும்போது, ரேஞ்சில் சுட்ட தாள்கள் சுருட்டியபடி கிடந்தன. உம்முடையதை விரித்துப் பார்த்தேன். மே முப்பத்தொன்று அன்றைக்கு நீர் வட்டத்துக்கே வரவில்லை, தாளின் மூலையில் போட்டீர், "சயந்தினிக்குச் சிட்னிக் காற்றுத்தான் சரி" என்று நான்கூடப் பகிடி விட்டேன். மூலையில் பெயர் எழுதி ஒட்டுகிற மஞ்சள் வட்டம் இருக்கிறதல்லவா, ஒரு ரூபா நாணயக் குற்றி அளவு. வெடி அதன் நட்டநடுவில் இருக்கிறது. உம்முடைய பெயரின் நடு எழுத்து இல்லை.

அது தவறின வெடி இல்லை. எனக்கு விட்டுத் தந்திருக்கிறீர். சும்மா எங்கேயோ சுட்டுவிட்டுத் தோற்கவும் உம்மால் முடியவில்லை, அங்கேயும் ஒரு குறி வைத்துத்தான் தோற்றிருக்கிறீர். நேராகத் தோற்றிருந்தால் ஒரு கிழமை முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்திருப்பேன், பிறகு மாறியிருக்கும். இது மாறாது. பிச்சை போட நான் என்ன கோயில் வாசலிலா இருக்கிறேன்?

பதில் எழுதினால் எழுதும்.

சுகிர்தன்


மேய்ஸ் ஹில்
20 யூலை 2025

அன்புள்ள சுகி,

கால் மாறிவிட்டது. நீங்கள் சாப்பிடுகிறீர்களா? பாலாவின் மனைவி நீங்கள் மெலிந்துவிட்டதாகச் சொன்னா.

நாலு கிழமையாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதி எறிகிறேன். ஓம், விட்டுத் தந்தேன். அன்று காலையில் நீங்கள் துவக்கை எடுக்கும்போது பெட்டியை இரண்டு தரம் பூட்டித் திறந்தீர்கள். இந்த மனுசன் இன்றைக்குத் தோற்றால் எனக்கு வீடு இருக்காது என்று பயந்தேன். அவ்வளவுதான். பிச்சை என்று நினைக்கவில்லை, என் வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன்.

ஆனால் அந்த மரை படுத்திருந்த இடத்தை நீங்கள் காணவில்லை, நான்தான் கண்டேன். புல்லெல்லாம் உழுதமாதிரி இருந்தது. காலையிலிருந்து பின்னேரம்வரை அது எழும்பப் பார்த்திருக்கிறது. முதல் வெடி என்னுடையதாக இருந்திருந்தால் அது நின்ற இடத்திலேயே விழுந்திருக்கும், அல்லது நான் வெடியே வைத்திருக்க மாட்டேன். வெடி உங்களுடையது, அந்த வெடியை உங்கள் கையில் தந்தது நான். கிட்டப் போய் அதன் கண்ணைப் பார்த்தபோது எனக்கு உங்களில் ஆத்திரம் வரவில்லை, என்னில்தான் வந்தது.

இனி விட்டுத் தர மாட்டேன், சுகி. ரேஞ்சில் மட்டுமில்லை. சம்பளம் கூடினபோது உங்களுக்குச் சொல்லாமல் மூன்று மாதம் வைத்திருந்தேன். கார் பார்க் பண்ணத் தெரியாது என்று நடித்தேன். கரம் போர்டில் சிவப்பை எத்தனை தரம் விட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. நீங்கள் வென்றுவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு எனக்குப் பிடிக்கும், அதனால் அது கஷ்டமாக இருக்கவில்லை. ஆனால் அப்படி இருந்து இருந்து, நீங்கள் என்னை ஒருபோதும் முழுதாகக் காணவில்லை. யுகன் கண்டிருக்கிறார், யோகா அன்ரிகூடக் கண்டிருக்கிறா. என் மனுசன் காணவில்லை.

வேலைக்கு ஓகஸ்ட் முடிவில் பதில் சொல்ல வேண்டும். நிரந்தரமாக இருக்க எனக்கு விருப்பம். உங்களோடு இருக்கவும் விருப்பம். ஒன்றைத்தான் கேட்கிறேன். உங்களுக்கு முன்னால் நான் குறிபார்த்துச் சுட்டால், நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பீர்களா? முடியாதென்றால் முடியாதென்று எழுதுங்கோ. எனக்காகப் பொய் எழுத வேண்டாம்.

உங்கள்,
சயந்தினி


ஸ்பிரிங்வேல்
3 ஓகஸ்ட் 2025

என் சயந்தினிக்கு,

சாப்பிடுகிறேன். சமைக்கவும் பழகிவிட்டேன், பருப்பு மட்டும் அடிப்பிடிக்கிறது. நீர் குளிருக்குள் வெறும் காலோடு திரியாதேயும்.

கரமிலுமா? வேலை, வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த வரியில்தான் இரண்டு நாள் நின்றேன். சிவப்பை விழுத்திவிட்டு நான் எழும்பி நின்று ஆடினதெல்லாம் கண்ணுக்குள் வருகிறது. நீர் பவுடரைத் தட்டிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறீர்.

நேற்று பாலா வீட்டில் சாப்பாடு. மரை இறைச்சிப் பிரட்டல், நிறைய ஆக்கள். வேட்டைக் கதையைச் சொல்லு என்று என்னைக் கேட்டார்கள். சொன்னேன். முந்நூற்று எண்பதில் வைக்கக் கூடாத வெடியை வைத்தேன், மிருகத்தை வதைத்தேன், சயந்தினிதான் தேடிப்போய் முடித்தவள், நான் முந்நூறில் வென்றதும் வென்றதில்லை என்று எல்லாம் சொன்னேன். ஒருவரும் சாப்பிடவில்லை. பாலா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு அண்டைக்கே தெரியும் மச்சான். ரெலஸ்கோப்புக்குள்ளாலை அந்த மஞ்சளைக் கண்டனான். உன்ரை முகத்தைப் பாத்திட்டுப் பேசாமல் விட்டிட்டன்" என்றான். ஸ்ரீகாந்துக்கும் தெரியுமாம். என் முகத்துக்குப் பயந்து ஊரே எனக்கு விட்டுத் தந்துகொண்டிருந்திருக்கிறது.

இப்போது உம்முடைய கேள்வி. பக்கத்தில் நின்று பார்ப்பேனா என்று கேட்டீர். பொய் எழுத வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறீர், அதனால் கேளும். எனக்குப் பொறாமை. உம்முடைய கையில், உம்முடைய கண்ணில், அந்த இரும்புத் தட்டுச் சத்தத்தில். நீர் பாயில் படுக்கும்போது ஒரு காற்று வந்து தள்ளிவிடாதா என்று என் மனம் கேட்கும். அதை நிற்பாட்ட எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் எப்போதோ நிற்பாட்டியிருப்பேன்.

வேலைக்கு ஓம் என்று சொல்லும். சிட்னியிலும் குளிரறை பழுதாகும். மேய்ஸ் ஹில் பக்கம் இரண்டு நிறுவனங்களோடு கதைத்திருக்கிறேன், ஒருவர் ஒக்டோபரில் வரச் சொல்கிறார். வந்தால் என்ன நடக்கும் என்றும் யோசித்துவிட்டேன். உம்முடைய கிளப்பில் எனக்குப் பெயர் இருக்காது. யுகன் தன் கூட்டாளிகளுக்கு என்னைக் காட்டி, "இவர்தான் சயந்தினியோட வீட்டுக்காரர்" என்பார். அவர்கள் கைகொடுத்துவிட்டு உம்மிடம் காற்றுக் கேட்கப் போவார்கள். நான் தண்ணிப் போத்தலோடு நிற்பேன்.

அதை நினைக்க இப்பவே வயிறு எரியுது. எண்டாலும் வாறன்.

உம்முடைய,
சுகிர்தன்